கொஞ்சம் கறுத்துட்டேனா

என் தங்கை வெள்ளை. பெண் பார்க்க வருகிறவர்கள் சிவப்பு என்பார்களே, அது இல்லை. தலைமுடி, இமை, புருவம் எல்லாமே வெள்ளை. தோலில் நிறமே இல்லாமல் பிறந்தவள். வீட்டில் மற்ற எல்லோரும் நல்ல கறுப்பு.

வேறு ஊராக இருந்தால் அவளை வெறித்துப் பார்த்திருப்பார்கள். புதுச்சேரியில் வெள்ளைக்காரி என்றே முடிவு கட்டிவிட்டார்கள். கடற்கரைச் சாலையில் கரும்பு ஜூஸ்காரர் அவளிடம் மட்டும் இங்கிலீஷில் பேசுவார். "இன்னாண்ணா, ஜூஸக் காணோம், வெறும் ஐஸாத்தான் இருக்கு" என்பாள். மனிதர் திகைத்துப்போவார். நாங்கள் வழி நெடுகச் சிரிப்போம். வீட்டுப்படி ஏறியதும் அவள் சிரிப்பு நின்றுவிடும்.

வெயிலில் ஆடாதே, இன்னும் கறுத்துப்போவாய் என்று அம்மா என்னை ஓயாமல் விரட்டுவாள். தங்கையை விரட்ட அவளுக்குத் தோன்றவில்லை. ஆனால் அந்தப் பேச்சைத் தங்கை பிடித்துக்கொண்டாள். லீவு நாட்களில் உச்சிவெயிலுக்கு மொட்டைமாடிக்குப் போய், தண்ணீர்த் தொட்டி மூலையில் கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நிற்பாள். தோல் வெந்து இறங்கி வந்து, "கொஞ்சம் கறுத்துட்டேனாம்மா?" என்று கேட்பாள். அம்மா தன் கையை அவள் கையோடு வைத்துப் பார்த்து, கொஞ்சம் தெரிகிறது என்பாள். பாசத்தில் சொன்னதுதான். தேங்காயெண்ணெய் தடவிவிடுவாள். மறுநாளும் இவள் மாடியேறுவாள்.

காதுக்குப் பின்னால் வந்த புண் ஆறவே இல்லை. பெரிய ஆஸ்பத்திரி டாக்டர், தோல் புற்று என்று சொல்லிவிட்டு, இத்தனை வருஷம் வெயிலிலா விட்டீர்கள் என்று கேட்டார். தங்கை முப்பதைப் பார்க்காமலே போய்விட்டாள். இன்றும் துணி காயப்போட மாடிக்குப் போனால் அந்த மூலைக்கு முதுகைக் காட்டிக்கொண்டுதான் நிற்பேன். பயம்தான். திரும்பினால் அவள் அங்கே நிற்பாள் என்று தோன்றிக்கொண்டே இருக்கும்.

இப்போது நான் டவுனில் ஒரு தொடக்கப்பள்ளி டீச்சர். போன கோடையில், வெயிலில் எப்படிக் கவனமாக இருப்பது என்று பிள்ளைகளுக்குச் சொல்ல ஒரு நர்ஸ் வந்தார். ஆளுக்கொரு தொப்பி கொடுத்தார். தண்ணீர், நிழல் என்று ஒழுங்காகத்தான் ஆரம்பித்தார். பிள்ளைகள் காதில் வாங்கவில்லை என்றதும், "வெயில்ல ஆடுனீங்கன்னா கறுத்துப்போயிடுவீங்க" என்றார். வகுப்பே சிரித்தது. முதல் பெஞ்சில், என் தங்கையைப் போலவே பிறந்த ஒரு சிறுமி சிரிக்காமல் கேட்டுக்கொண்டிருந்தாள்.

நான் எழுந்து, அப்படிச் சொல்லாதீர்கள் என்றேன், கொஞ்சம் கடுமையாகவே. அதற்குள் இடைவேளை பெல் அடித்துவிட்டது. நான் சொன்னது யார் காதிலும் விழவில்லை.

இடைவேளை முடிந்து எல்லோரும் வந்தார்கள், அவள் மட்டும் வரவில்லை. மைதானத்தின் நடுவே, தொப்பியைக் காலடியில் வைத்துவிட்டு, கண்ணை இறுக்க மூடிக்கொண்டு நின்றிருந்தாள். எங்கே இருக்கிறேன் என்றே ஒரு கணம் தெரியவில்லை. பிறகு ஓடிப்போய், முந்தானையால் போர்த்தி, வராந்தாவுக்குத் தூக்கி வந்தேன்.

கையை நீட்டிக் காட்டினாள். "கொஞ்சம் கறுத்துட்டேனா மிஸ்?"

என் கை தானாக அவள் கைப்பக்கம் போனது. இழுத்துக்கொண்டேன்.

"இல்லம்மா. எவ்ளோ நேரம் நின்னாலும் நீ கறுக்க மாட்ட. புண்ணுதான் வரும்."

அவள் அழுதாள். அடுத்த பெல் அடித்தும் என் மடியில் கிடந்து அழுதாள். தொப்பியை எடுத்துவந்து போட்டுவிட்டேன், அவள் கழற்றவில்லை.

என் தங்கை இதற்காக ஒரு நாளும் அழுததில்லை. அவளிடம் யாரும் சொல்லவே இல்லை.