டிவியில் வராத அம்மன்

எங்கள் டிவியின் பின்னால் எச்டிஎம்ஐ வயர் சொருக இரண்டே இடம்தான். ஒன்றில் ஹோம் தியேட்டர், மற்றதில் செட்டாப் பாக்ஸ். நெட்டில் சீரிஸ் பார்க்க உதவும் ஸ்டிக்கை மாட்ட வேண்டுமென்றால் பாக்ஸ் வயரைப் பிடுங்குவேன். போன அமாவாசைக்கு முதல் நாள் பிடுங்கியவள், திரும்ப மாட்ட மறந்துவிட்டேன்.

முழங்கால் வலியால் வெளியே போகாத என் மாமியார், அமாவாசைதோறும் மேல்மலையனூர் அம்மனை லோக்கல் சேனலில்தான் கும்பிடுவார். அமாவாசையன்று மாலை நான் வேலை முடிந்து வந்தபோது அவர் இல்லை. டிவியில் 'நோ சிக்னல்' என்று இருந்தது.

"மலையனூர் பஸ்ஸுக்குப் போறேன்னாங்களே" என்றார் பக்கத்து வீட்டு அக்கா.

செஞ்சி பஸ் ஸ்டாண்டுக்கு ஓடினேன். ஸ்பெஷல் பஸ்ஸில் ஏற முண்டியடித்த கூட்டத்தில், படியில் நிலைதடுமாறி விழப்போன மாமியாரை ஓடிப் பிடித்தேன்.

"எனக்கு ஒரு போன் பண்ணக்கூடாதா அத்தை?"

"ரிமோட்ல இன்னாத்தையோ அழுத்திட்டேன் போல இருக்குதும்மா, டிவி கெட்டுப்போச்சு. சொன்னா திட்டுவியோன்னு பயந்துட்டேன்."

கெடுத்தவள் நான். பயந்தது அவர்.

மறுநாளே, ஒரே இடத்தில் இரண்டு வயர் சொருக வழிசெய்யும் ஒரு ஸ்விட்ச் பெட்டி வாங்கி, பாக்ஸையும் ஸ்டிக்கையும் சேர்த்தே மாட்டிவிட்டேன். இப்போதெல்லாம் ரிமோட்டை அவர் கையில் கொடுத்து, "எதை வேணா அழுத்துங்க அத்தை" என்கிறேன். இன்னும் என் முகத்தைப் பார்த்துவிட்டுத்தான் வாங்குகிறார்.