முதல் நாளே அறிவிக்க வேண்டும்

மாடு செத்தால் மாடு தரும் சங்கம் ஒன்று எங்கள் ஊரில் தொடங்கியபோது, அதன் விதித் தாளை வாசிக்கக்கூடியவள் வீட்டில் நான் ஒருத்திதான். மிஷன் பள்ளிக்கூடத்தில் எட்டாம் வகுப்பு வரை படித்திருந்தேன். அந்தக் கொழுப்பும் கொஞ்சம் இருந்தது. நான் வாசிக்க வாசிக்க, சிவலைப் பசுவுக்குத் தவிடு கரைத்துக்கொண்டே அம்மா கேட்டுக்கொண்டிருந்தாள். அப்பாவை நான் ஐயா என்பேன்; அவர் பக்கத்தில் கயிறு திரித்துக்கொண்டிருந்தார். நோய் வந்து செத்தால் உண்டு. பாம்பு கடித்தால், கிணற்றில் விழுந்தால் உண்டு. கிழடுதட்டிச் செத்தால் இல்லை. சுகமில்லை என்று கண்ட முதல் நாளே காரியதரிசிக்கு அறிவிக்காவிட்டால் ஒன்றுமே இல்லை.

"கடைசியை இன்னொருக்கா வாசி பிள்ளை," என்றாள் அம்மா. வாசித்தேன். பசுவின் கழுத்தைச் சொறிந்தபடி, "அப்ப நான் செத்தா இவளுக்கு என்ன குடுப்பினம்?" என்று கேட்டாள். மூவரும் சிரித்தோம்.

அந்த மாரியிலேயே காய்ச்சலில் அம்மா போய்விட்டாள். சிவலை அம்மாவின் கைக்கு மட்டுமே பால் சுரந்த மாடு. நான் அம்மாவின் பழஞ்சேலையைச் சுற்றிக்கொண்டு போய்க் குந்தினேன். மோந்து பார்த்தது, பிறகு கறக்கவிட்டது. அதன் வயிற்றில் தலையைச் சாய்த்துத்தான் நான் அழுதேன். வீட்டில் வேறெங்கும் எனக்கு அழுகை வரவில்லை.

அம்மா போன பன்னிரண்டாம் நாள் காலை, தின்னப் போட்ட குழையைச் சிவலை திரும்பியும் பார்க்கவில்லை. தொண்டை வீங்கியிருந்தது. ஐயா சால்வையை எடுத்துத் தோளில் போட்டார்.

"எங்கை வெளிக்கிடுறியள்?"

"காரியதரிசியிட்டைச் சொல்லிப்போட்டு வாறன்."

"துடக்கோடையோ? நாளைக்கு அவையின்ரை வீட்டிலை கலியாணம். பந்தலும் போட்டாச்சு. போய் நிண்டா ஊர் என்ன கதைக்கும்?"

சாவு விழுந்த வீட்டுக்குத் துடக்கு முப்பத்தொரு நாள். அதற்குள் நல்ல காரியம் நடக்கும் வளவில் கால் வைப்பது பெரிய குற்றம். ஐயா அதையும் மறந்து புறப்பட்டிருந்தார். படித்த நான்தான் மறித்தேன். அவர் சால்வையை மறுபடி கொடியில் போட்டார். இஞ்சியும் மிளகும் இடித்துப் பருக்கிப் பார்த்தோம்.

கலியாணத்துக்கு அடுத்த நாள், யாரோ சொல்லிக் கேள்விப்பட்டு, காரியதரிசியே பருத்தித்துறையிலிருந்து மாட்டு வைத்தியரைக் கூட்டிக்கொண்டு ஓடிவந்தார். வைத்தியர் தொண்டையைத் தொட்டுப் பார்த்துவிட்டு, முதல் நாளென்றால் ஒரு ஊசியோடு தப்பியிருக்கும் என்றார். பொழுதுபடமுன் சிவலை செத்தது.

"படலையிலை நிண்டு ஒரு குரல் குடுத்திருந்தாக் காணுமே அண்ணை!" என்றார் காரியதரிசி. "நானெல்லோ வெளியிலை வந்திருப்பன்."

உள்ளே போகாமல் வாசல் படலையில் நின்று கூப்பிடலாம். அது என் மூளைக்கு எட்டவில்லை.

பிந்தியதற்குக் காரணம் எழுத வேண்டும் என்று அவர் தாளை விரித்தார். ஐயா என் பக்கம் பார்க்கவேயில்லை.

"விதி தெரியாது எண்டு எழுது தம்பி. எங்கடை வீட்டிலை ஒருத்தரும் அதை வாசிக்கேல்லை."

அந்த விதியை இரண்டு தரம் வாசித்த நான் அவர் பக்கத்திலேயே நின்று கேட்டுக்கொண்டிருந்தேன்.

சங்கத்தார் இரங்கி, அடுத்த மாதம் ஒரு பசுவைக் கொண்டுவந்து கட்டினார்கள். நல்ல மாடு. யார் கறந்தாலும் பால் தந்தது. அதற்கு அம்மாவின் சேலை தேவைப்படவில்லை.