தேடினால் வரும் பக்கம்

ராஜபாளையத்தில் பெண் பார்க்க வருவதற்கு முன் தெருவில் விசாரிப்பார்கள். டீக்கடை, மாவு மில், பக்கத்து வீடு. இப்போது அதற்கும் முன்பாகச் செல்போனில் பெயரைத் தட்டிப் பார்த்துவிடுகிறார்கள். என் தங்கை பெயரைத் தட்டினால் ஒன்றும் வராது. என் பெயரைத் தட்டினால் முதலில் வருவது நானே எழுதிய ஒரு பக்கம்.

நான் ஸ்ரீவில்லிபுத்தூரில் ஒரு பால்கோவா கடைக்காரர் வீட்டுக்கு வாழ்க்கைப்பட்டவள். அம்மா வீட்டுக்கு வந்து திரும்பும்போதெல்லாம் மாமியார் என் நகைகளைக் கழற்றி வாங்கிக் கடைத் தராசில் வைப்பார், எடை குறைந்திருக்கிறதா என்று. கால் கிலோ பால்கோவா வாங்க வந்தவர்கள் நின்று வேடிக்கை பார்ப்பார்கள். ஒருநாள் தராசிலிருந்தே நகையை எடுத்துப் போட்டுக்கொண்டு பஸ் ஏறினேன். விவாகரத்து முடிந்ததும் அதை என் இணையதளத்தில் எழுதினேன். என் பெயரைத் தவிர யார் பெயரையும் போடவில்லை. தராசை மட்டும் விடவில்லை.

தங்கைக்கும் ஸ்ரீவில்லிபுத்தூரிலிருந்தே ஒரு வரன் வந்தது. அவளுக்குப் பையனைப் பிடித்திருந்தது. உடனே தாய்மாமா என்னைத் தேடி வந்தார்.

"ஏட்டி, ஒன்னய அழிக்கச் சொல்லல. தேடினா வரக் கூடாது, அம்புட்டுதான். கல்யாணம் முடிஞ்ச பொறவு திருப்பி வச்சுக்கோ."

"நான் என்ன திருடிட்டா வந்தேன் மாமா, ஒளிச்சு வைக்க?"

முடியாது என்று சொல்லி அனுப்பினேன். அவரா விடுவார்? என் இணையதளத்தைக் கவனித்துக்கொள்ளும் கம்ப்யூட்டர் கடைக்காரரிடம் போய், நான் சொன்னதாகவே சொல்லிவிட்டார். அந்த மனிதரும் என்னை ஒரு வார்த்தை கேட்கவில்லை. இந்தப் பக்கத்துக்குள் வந்து படிக்காதே என்று தேடுபொறிக்கு ஓர் உத்தரவு போட்டுவிட்டார். அதுவும் படிக்கவில்லை. ஆனால் அப்படி ஒரு பக்கம் இருப்பது அதற்கு ஏற்கெனவே தெரியும். அதனால் தலைப்பை மட்டும் காட்டி, கீழே 'விவரம் கிடைக்கவில்லை' என்று போட்டது. வாசலில் ஆள் நிறுத்தி, உள்ளே ஒன்றுமில்லை என்று சொல்ல வைத்தால் யார்தான் எட்டிப் பார்க்க மாட்டார்கள்? என் பெயரைத் தட்டிப் பார்த்த மாப்பிள்ளையின் அக்கா அந்தத் தலைப்பைத் தொட்டார். உத்தரவு தேடுபொறிக்குத்தானே, மனிதர்களுக்கு இல்லையே. பக்கம் திறந்தது. முழுக்கப் படித்துவிட்டு எங்கள் அம்மாவுக்குப் போன் போட்டார்.

"எங்களுக்கு ஒன்னும் இல்ல. நாலு சொந்தக்காரங்க தேடிப் பாப்பாங்க. ஒழுங்கா மறைச்சிட்டீங்கன்னா நாங்க பேச வாரோம்."

அதற்குள் கம்ப்யூட்டர் கடைக்காரர் சரியான வழியைத் தெரிந்துவைத்திருந்தார். இந்த முறை தலைப்புகூட வராதாம். என் சம்மதம்தான் பாக்கி என்று மாமா எதிரே உட்கார்ந்துகொண்டார்.

எனக்குக் கோபத்தைவிடப் பயம் அதிகமாக இருந்தது. என்னால் இவள் கல்யாணம் நின்றால் அப்புறம் இவள் முகத்தில் எப்படி விழிப்பேன்? தங்கையை அடுப்படிக்குக் கூப்பிட்டேன். "நீ மறைக்கச் சொன்னா மறைக்கேன். எழுதுனது தப்புன்னு இல்ல, ஒனக்காக" என்றேன்.

அவள் அடுப்பைத் தணித்துவிட்டு என் பக்கம் திரும்பினாள்.

"அம்புட்டையும் படிச்சாவள்ல அக்கா, நகைய எடை போட்டது தப்புன்னு ஒரு வார்த்தை சொன்னாவளா? யாரும் பாக்கக் கூடாதுன்னுதான சொல்லுதாவ. நாளைக்கு நானும் அந்த வீட்டுக்கு நகை போட்டுக்கிட்டுதான போணும்?"

அன்றைக்கே அந்த உத்தரவை எடுக்க வைத்தேன். வரன் தட்டிப் போனது. மாமா இரண்டு மாதம் எங்கள் வீட்டுப் பக்கம் வரவில்லை. அதற்காக நான் ஒன்றும் இளைத்துப் போகவில்லை.

அடுத்த தரகர் ஜாதகம் கேட்டு வந்தபோது தங்கையே எடுத்து வந்தாள். கொடுப்பதற்கு முன் அதன் பின்பக்கத்தில் என் பக்கத்தின் முகவரியை எழுதினாள்.

"இது எதுக்கு தாயி?" என்றார் தரகர்.

"தேடி அலைய வேண்டாம்னுதான். இதப் படிச்சிட்டும் வாரவிய வரட்டும்."