மூடி வைத்த உப்புத்தண்ணீர்

"தத்துவம் படிச்சா ஒரு பாத்தி உப்பாவது விளையுமாம்மா?" நான் பி.ஏ. சேர்ந்த அன்று உப்பளத்து மேஸ்திரி கேட்டார். எங்கள் குடும்பத்தில் பள்ளிக்கூடம் போன முதல் ஆள் நான். 

இன்று வகுப்பில் பேராசிரியர், கிரேக்கத்தின் முதல் தத்துவ அறிஞரைப் பற்றிச் சொன்னார். உலகத்தில் உள்ள எல்லாமே தண்ணீரிலிருந்து வந்தவை என்பது அவர் எண்ணமாம். மின்சாரம் போய் வகுப்பில் மின்விசிறி நின்றிருந்தது. உதட்டில் இறங்கிய வியர்வை கரித்தது. நான் ஏழு வயதுக்குப் போய்விட்டேன்.

அம்மா வேலை செய்த பாத்தியிலிருந்து ஒரு சொம்பு உப்புத்தண்ணீர் கொண்டுவந்து, தட்டால் மூடி, அரிசிப்பானைக்குப் பின்னால் ஒளித்துவைத்தேன். தினமும் திறந்து பார்த்தேன். தண்ணீர் தண்ணீராகவே இருந்தது. எட்டாம் நாள் அம்மா பார்த்துவிட்டாள்.

"ஏண்டி, மூடி வெச்சா எப்படி உப்பாகும்? வெயிலு பட வேணாமா?"

"அப்ப உப்பு தண்ணியிலேருந்து வருதா, வெயில்லேருந்து வருதாம்மா?"

வெடித்த பாதங்களில் எண்ணெய் தேய்த்துக்கொண்டிருந்த அம்மாவின் கை நின்றது. "தெர்லயேடி. இத்தினி வருஷமா வாருறேன், இத யோசிச்சதே இல்ல."

"யாருக்காவது சந்தேகம் இருக்கா?" என்றார் பேராசிரியர். பட்டணத்துப் பிள்ளைகள் என் பேச்சைக் கேட்டுச் சிரிப்பார்கள் என்று இதுவரை நான் அந்த வகுப்பில் வாய் திறந்ததில்லை.

"தண்ணி மட்டும் போதுங்களா சார்? வெயிலு வேணாமா?"

என் குரல்தான் அது. அதற்குள் நான் எழுந்து நின்றிருந்தேன்.