வெள்ளிக்கிழமை எமுலேட்டர்

2011இல் நாங்கள் புலம்பெயர்ந்து வந்து வெஸ்ட்மீட்டில் ஒரு சின்ன அடுக்குமாடி யூனிட்டில் இருந்தோம்: நான், மனைவி, ஹோலில் சோபாவில் படுக்கும் அவளுடைய தம்பி. ஈஸ்டர் விடுமுறைக்கு வேறு நகரத்து நோபல் பார்க்கிலிருந்து மனைவியின் தோழி வருவதாக இருந்தது. இருவரும் கொழும்பில் ஒரே விடுதியில் இருந்தவர்கள். உள்ளங்கையளவு கேம் கருவி ஒன்றைப் பங்குபோட்டு, மேலிருந்து விழும் கட்டைகளை அடுக்குவதில் யார் பெரியவள் என்று சண்டை பிடித்தவர்கள். முடிவு தெரியுமுன் கருவி பழுதாகிவிட்டது. இந்த விடுமுறையில் அதைத் தீர்த்துவிடுவது என்று மனைவி முடிவெடுத்திருந்தாள்.

எங்கள் டிவியோடு ஒரு கேம் பெட்டி இருந்தது. பழைய கைக்கருவி விளையாட்டுகளை அதில் ஓடவைக்க எமுலேட்டர் என்ற மென்பொருள் வேண்டும். தம்பி இரண்டைக் கொண்டுவந்தான். ஒன்றில் விளையாட்டுகள் படங்களாக வரிசையில் நிற்கும். ரிமோட்டை டிவியை நோக்கி நீட்டினால் திரையில் ஒரு கை தோன்றும், அதால் தொட்டுத் தெரிவுசெய்ய வேண்டும். மற்றது வெறும் பெயர்ப் பட்டியல். பொத்தானை அழுத்தினால் போதும்.

முதலில் பார்த்தது ஒரு வெள்ளிக்கிழமை மாலை. படங்கள் வருவதில், படக்காரன் என்று பெயர் வைத்திருந்தோம், அந்தக் கை ஒரு இடத்தில் நிற்கவில்லை. கட்டை விளையாட்டைத் தொடப்போனால் கார் ஓட்ட விளையாட்டில் போய் விழுந்தது.

“உதுக்குப் பேய் பிடிச்சிருக்கு,” என்றாள் மனைவி. “மற்றதைப் போடு.”

மற்றது ஒழுங்காகத் திறந்தது. ஆனால் விளையாடத் தொடங்கியதும் அவள் முகம் மாறியது.

“நான் அமத்தினாப் பிறகு யோசிச்சுத்தான் கட்டை திரும்புது.”

“அக்கா, உங்களுக்கு வயசு போட்டுது.”

“வாயைப் பொத்தடா.”

அவள் சொன்னது சரி. ஒரு இமைப்பொழுது தாமதம் இருந்தது. புதன்கிழமை தம்பி படக்காரனை மறுபடி போட்டான். கை சொன்ன இடத்தில் நின்றது. கட்டையும் உடனே திரும்பியது. மனைவி அதையே தெரிவுசெய்தாள். அன்றும் மறுநாளும் வேலையால் வந்து சீருடை மாற்றாமலே பயிற்சி எடுத்தாள்.

பெரிய வெள்ளியன்று தோழி வந்தாள். மனைவி விளக்கேற்றிக் கும்பிட்டுவிட்டு ரிமோட்டை எடுத்தாள். கை மறுபடி துள்ளத் தொடங்கியது.

“என்னடி, தோக்கப்போறாய் எண்டு மெஷினையும் பழுதாக்கிப் போட்டியோ?” என்றாள் தோழி.

தம்பி வயரைப் பிடுங்கிச் செருகினான். நான் திரையை விட்டுவிட்டு டிவியின் பக்கத்தைப் பார்த்தேன். எங்கள் வீட்டில் சாமித் தட்டு டிவிக்கு ஒட்டினாற்போல இருந்தது; விளக்கு நன்றாக எரிந்துகொண்டிருந்தது. கேம் பெட்டியோடு வந்த, டிவிக்கு மேலே வைத்த சின்னப் பட்டையின் வெளிச்சத்தைப் பார்த்துத்தான் ரிமோட் திசை அறிகிறது. அந்த வெளிச்சம் எங்கள் கண்ணுக்குத் தெரியாது. விளக்குச் சுடரும் அதற்கு ஒரு வெளிச்சம்தானே? வெள்ளிக்கிழமைகளில் மட்டும்தான் நாங்கள் விளக்கேற்றுவோம்; புதனன்று அது எரியவில்லை.

சொன்னேன். மூவரும் விளக்கைப் பார்த்தார்கள்.

“அப்ப நூத்துவிடுவமே?” என்றான் தம்பி.

“இப்பதானே ஏத்தினது! விசரே உனக்கு?” இரண்டு பெண்களும் ஒரே குரலில் சொன்னார்கள். அன்று அவர்கள் ஒத்துப்போனது அந்த ஒரு விஷயத்தில்தான்.

விளையாட்டைத் தெரிவுசெய்யும்வரைதான் அந்தக் கை தேவை. பிறகு எல்லாம் பொத்தான்கள். எனவே நான் போய் விளக்குக்கு முன்னால் நின்றேன்.

“அண்ணை, சாமிக்கு முதுகைக் காட்டாதேங்கோ,” என்றாள் தோழி.

திரும்பிச் சாமியைப் பார்த்துக் கைகூப்பி நின்றேன். பின்னால் திரையின் கை அடங்கி, விளையாட்டு திறக்கும் சத்தம் கேட்டது.

முதலில் தோழி ஆடினாள். அடுத்து மனைவி. கட்டைகள் அவள் சொன்னபடி, சொன்ன உடனே திரும்பின. இருந்தும் குவியல் மேலே முட்டியது. தோழியின் புள்ளிகளுக்குப் பக்கத்தில்கூட அவள் வரவில்லை.

மனைவி ரிமோட்டைத் திருப்பித் திருப்பிப் பார்த்தாள்.

“தம்பி, இது கொஞ்சம் வேகம் கூடப்போல கிடக்கு. மற்றதைப் போடு.”

“போடடா, போடு,” என்றாள் தோழி, சோபாவில் காலை மடித்து வசதியாக உட்கார்ந்தபடி. “நான் வீட்டில அந்த மற்றதிலதான் பழகினனான்.”