சிரிலுக்கு வராத வேகப்பந்து

சிரில் ஆறடி இரண்டு அங்குலம். நல்ல கறுப்பு. தோள் இரண்டும் பீரோக் கதவு மாதிரி இருக்கும். கோலார் தங்கவயலில் பிறந்தவன், இப்போது குடியிருப்பது பெங்களூர் பொம்மனஹள்ளியில்; தொம்மலூரில் ஒரு கம்பெனிக் கட்டடத்தில் லிஃப்ட் மெக்கானிக் வேலை. பள்ளிக்கூட நாளிலிருந்தே அவனைப் பார்த்ததும் யாராவது கையில் கிரிக்கெட் பந்தைத் திணித்துவிடுவார்கள். அவனுக்கோ பந்து போட வரவே வராது. பிடித்த ஆட்டம் கேரம். உட்கார்ந்தபடியே ஆடலாம் என்பதுதான் அதில் அவனுக்கு முக்கியம்.

கம்பெனி ஆண்டு விழா கிரிக்கெட்டுக்கு ஆள் சேர்த்த மேனேஜர் ஹரிஷ்குமார், லிஃப்டுக்குள்ளேயே வந்து அவனை மடக்கினார்.

"சிரில், முதல் ஓவர் நீதான்."

"சார், எனக்கு பவுலிங் வராது சார்."

"உனக்கு வராம யாருக்கு வரும் குரு? அப்படியே வெஸ்ட் இண்டீஸ்காரன் மாதிரி இருக்க! ரத்தத்துலயே இருக்குது."

"எங்க ரத்தத்துல சுகர்தான் சார் இருக்கு. அப்பா, சித்தப்பா, எல்லாருக்கும்."

ஹரிஷ்குமார் விழுந்து விழுந்து சிரித்தார். சிரித்துக்கொண்டே பேரை எழுதிக்கொண்டு போய்விட்டார்.

ஞாயிற்றுக்கிழமை சிரிலின் முதல் பந்து அம்பயரின் முழங்காலில் விழுந்தது. இரண்டாவது, ஓரத்தில் வைத்திருந்த கேசரிபாத் பாத்திரத்தில். அப்புறம் வரிசையாக ஒன்பது வைடு. "வேகம் ஜாஸ்தி, அதான் விலகுது" என்று ஹரிஷ்குமார் எல்லோருக்கும் விளக்கம் சொன்னார். பத்தாவது வைடைத் தவிர்க்க சிரில் உயிரைக் கையில் பிடித்துக்கொண்டு ஓடிவந்தான். அந்த உருவம் பாய்ந்து வருவதைக் கண்ட பேட்ஸ்மேன் பயந்து ஒதுங்கிக்கொண்டான். பந்து கையிலிருந்து நழுவி, சிக்னலில் ஊரும் ஆட்டோ மாதிரி போய் ஸ்டம்பில் சாய்ந்தது. அவுட்!

"நான் சொன்னேன்ல!" ஹரிஷ்குமார் குதித்தார். வைடுகளை அதோடு எல்லோரும் மறந்துவிட்டார்கள்.

வீட்டில் மனைவி ஆஷா, "எத்தனை பேரை அடிச்சீங்க?" என்று கேட்டாள்.

"ஒரு அம்பயர், ஒரு கேசரிபாத்."

அந்த ஒரு விக்கெட்டுக்காக கம்பெனி ஃபுட்பால் டீமுக்கு அவனையே கேப்டனாக்கினார்கள். சிரில் ஆள் சேர்க்க நேரே கேன்டீனுக்குப் போனான். அங்கே தோசை வார்க்க மணிப்பூரிலிருந்து தோம்பா என்று ஒருவன் புதிதாக வந்திருந்தான்.

"தோம்பா, நீதான் ஃபார்வர்ட்."

"அண்ணா, நான் ஃபுட்பால் ஆடினதே இல்ல."

"மணிப்பூர்க்காரன் ஃபுட்பால் ஆடாம இருப்பானா? உங்க ரத்தத்துலயே..."

சிரில் வாயைப் பொத்திக்கொண்டான். ஹரிஷ்குமார் தன் தொண்டைக்குள் புகுந்து பேசியது போலிருந்தது. காது மடல் சூடாகிவிட்டது.

"தப்பா கேட்டுட்டேன்பா. உனக்கு என்னதான் வரும்?"

தோம்பா தோசையைத் திருப்பிப் போட்டுவிட்டு யோசித்தான். "தூக்கம். அப்புறம், கேரம் கொஞ்சம்."

கேப்டன் பதவியை அன்றே ராஜினாமா செய்துவிட்டு, கேரம் ஜோடி ஆட்டத்துக்கு இரண்டு பேரின் பெயரையும் கொடுத்தான் சிரில். முதல் சுற்றில் எதிராளிகள் வரவில்லை, அதனால் ஜெயித்தார்கள். இரண்டாவது சுற்றில் அக்கவுன்ட்ஸ் பிரிவு யாமினியும் தனலக்ஷ்மியும் இருபத்தைந்துக்கு மூன்று என்று துவைத்தெடுத்தார்கள்.

போகும்போது தனலக்ஷ்மி பாவப்பட்டு, "அண்ணா, இந்த உயரத்துக்கு நீங்க பாஸ்கெட்பால் ஆடலாமே?" என்றாள்.

தோம்பா அதற்குள் காய்களை மறுபடி அடுக்கிவிட்டு, ஸ்ட்ரைக்கரை சிரில் பக்கம் தள்ளினான்.