பெரிய வெள்ளியில் திருப்பாத திருகு

மகளின் மேல் அண்ணத்தில் ஒட்டியிருந்த கம்பிக்கு நடுவில் ஒரு சின்னத் திருகு இருந்தது. அதைத் தினமும் ஒரு தடவை நான்தான் திருப்ப வேண்டும். ஊசியளவு சாவி போன்ற திறப்பொன்றைத் தந்து, துளையில் விட்டுத் தொண்டைப் பக்கமாகத் தள்ளுங்கள் என்று பல் டொக்டர் காட்டித் தந்தார். அண்ணம் ஒடுக்கமாம், மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு உள்ளே விழுகின்றனவாம். பத்து வயதில் அண்ணத்து எலும்பு நடுவில் இன்னும் இறுகிவிடவில்லை, இப்போதே விரிக்கலாம் என்றார். எட்டாம் வகுப்போடு நின்றவள் நான். எலும்பை விரிப்பது என்றதுமே மற்றதெல்லாம் காதில் ஏறவில்லை.

காலையில் மீன்பிடித்துக் கடலால் வந்த கையோடு இவர், என் கணவர், டோர்ச் பிடிப்பார்.

“எடி, மெல்லமாய். அது எஞ்சின் போல்ட் இல்லை, பிள்ளையின்ரை வாய்.”

“நீங்கள் லைற்றை ஆட்டாமல் பிடியுங்கோ.”

“ரெண்டு பேரும் சண்டை பிடிச்சு முடியச் சொல்லுங்கோ, நான் வாயைத் திறக்கிறன்” என்பாள் மகள்.

திருப்பியதும் கலண்டரில் ஒரு புள்ளடி போடுவேன்.

பத்தாம் நாள் பெரிய வெள்ளி வந்தது. அன்றைக்கு எங்கள் வீட்டில் ஆணி அடிக்க மாட்டோம், வலை பொத்த மாட்டோம், ஊசியைக்கூடத் தொட மாட்டோம். திறப்பைக் கையில் எடுத்தேன். ஆண்டவருக்கு ஆணி அடித்த நாளில் பிள்ளையின் எலும்பைத் திருகுவதா? வைத்துவிட்டேன். சனிக்கிழமை, இவர் டோர்ச் பிடிக்க வருமுன்னமே, விட்டதையும் சேர்த்து இரண்டு தடவை திருப்பினேன். இரண்டு புள்ளடி.

ஞாயிறு காலை புதுச் சட்டை போட்டுக்கொண்டு வந்து சிரித்தாள். முன்பற்கள் இரண்டுக்கும் நடுவில், நெருப்புக்குச்சி போகுமளவு நீக்கல்.

“இஞ்சரப்பா, பிள்ளையின்ரை முகம் ரெண்டாய்ப் பிரியப்போகுதோ?”

இவர் கலண்டரைப் பார்த்தார். “நேற்று ரெண்டு தரம் திருப்பினியோ?”

“ஓம்.”

“விட்டதைச் சேர்த்துச் சொல்லி முடிக்க இதென்ன செபமாலையே?”

அன்றைய ஈஸ்டர் பூசையில் என்ன வாசித்தார்கள் என்று எனக்குத் தெரியாது, கண் அவள் வாயிலேயே இருந்தது. செவ்வாய்க்கிழமை டொக்டரிடம் பாவசங்கீர்த்தனம் போல எல்லாவற்றையும் ஒப்பித்தேன். அவர் சிரித்தார்.

“நீக்கல் வரும் எண்டு முதலே சொன்னனான் அம்மா. எலும்பு விரியுது எண்டதுக்கு அதுதான் அடையாளம். தானாய்க் கிட்ட வரும். ஆனால் ஒருநாள் விட்டால் விட்டதுதான், இனி ரெண்டாய்த் திருப்பாதேங்கோ.”

சொன்னபடி சில மாதங்களில் நீக்கல் மூடியது. கம்பியையும் டொக்டர் கழற்றிவிட்டார். ஒன்றரை வருடம் கழித்து அவர் இரண்டு சாந்து அச்சுகளை மேசையில் வைத்தார். ஒன்று ஆரம்பத்தில் எடுத்த அவளுடைய மேல்வாய், மற்றது இப்போதையது. அளந்து பார்க்காமலே தெரிந்தது, இப்போதையது அகலம்.

“இது அவ்வளவும் திருகாலேயோ, டொக்டர்?”

“எல்லாம் இல்லை. பிள்ளை வளர்ந்திட்டா தானே. முகம் வளர அண்ணமும் வளரும்.”

“அப்ப எவ்வளவு நாங்கள் திருப்பினது, எவ்வளவு தானாய் வளர்ந்தது?”

“அதை இவவிலை பிரிச்சுச் சொல்லேலாது அம்மா. திருப்பாமல் விட்டு வளர்ந்த இன்னொரு மகள் உங்களிட்டை இல்லையே.”

எனக்கு இன்னும் குழம்பியது. பெரிய வெள்ளியன்று விட்டதை எந்தக் கணக்கில் சேர்ப்பது?

பஸ்ஸில் மகள் கொய்யாப்பழத்தைக் கடித்துக்கொண்டு வந்தாள். மேல்பற்கள் கீழ்ப்பற்களுக்கு வெளியே சரியாக விழுந்தன. ஆனாலும் மூக்கு, நாடி, இரண்டு கன்னம் என்று மாறி மாறிப் பார்த்தேன்.

“என்னம்மா பாக்கிறியள்?”

“ஒண்டுமில்லை. மற்றப் பக்கம் ஒருக்கால் திரும்பு.”